கரையில் நிற்கும் பென்குயினைக் கடலில் தள்ளாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் ஐஸ் பெட்டிக்குள் ஒரு பென்குயினை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது. கரையில் அசையாமல் நின்றதாம். பசி போல, கடலுக்குப் போனால் மீன் பிடித்துக்கொள்ளும் என்று மூன்று முறை அலைக்குள் தள்ளியிருக்கிறார்கள். மூன்று முறையும் திரும்பி வந்திருக்கிறது. நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் பெட்டியைத் திறந்தபோது அது தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் பக்கம் கடற்பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இங்கிருப்பது ஆப்பிரிக்கப் பென்குயின், வெயிலில் வாழும் பறவை. அதற்கு ஐஸ் எதற்கு?

"கடல் இவ்வளவு பெரிசா இருக்கே டாக்டர், மீனா கிடைக்காது?" எல்லாரும் கேட்பது இதுதான். கடல் பெரிசுதான். பென்குயினுக்கு எட்டும் கடல் சின்னது. கூட்டில் குஞ்சு இருந்தால், நீந்திப் போய் மத்தியோ நெத்திலியோ பிடித்துக்கொண்டு திரும்பியாக வேண்டும். அதனால் கூடு கட்டியிருக்கும் தீவிலிருந்து சுமார் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் தேடும். பெரும்பாலான முக்குளிப்புகள் 30 மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. 1990-களின் கடைசியிலிருந்து மீன் கூட்டங்கள் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டன. தீவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மிச்சமிருக்கும் மீனுக்கும் படகுகள் போட்டிக்கு வருகின்றன. 100 கிலோமீட்டர் தள்ளி மீன் கொழித்தாலும் இங்கே குஞ்சு பட்டினிதான்.

சரி, குஞ்சு இல்லாத இளம் பறவை எங்கும் போகலாமே? போகிறது. குளிர்ந்த நீரும் மிதவை உயிரிகளும் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது அதன் தலைமுறைக் கணக்கு. அந்த அடையாளத்தை நம்பி வடக்கே நமீபியா வரை போய்ச் சேருகிறது. அங்கே மத்தியை மனிதர்கள் எப்போதோ அள்ளித் தீர்த்துவிட்டார்கள், ஜெல்லி மீன்தான் மிச்சம்.

ஞாயிறு வந்த பறவையின் கதை வேறு. இறகு உதிரும் பருவம் அது. பிய்ந்த தலையணை மாதிரி இருந்ததே, கவனிக்க வேண்டாமா? இந்த மூன்று வாரமும் இறகு தண்ணீரைத் தடுக்காது, உடம்பு நனைந்துவிடும், இரைக்குப் போகவே முடியாது. முன்பே தின்று சேர்த்த கொழுப்பில்தான் உயிர் பிடித்து நிற்கும், எடையில் பாதி வரை குறையும். ஒவ்வொரு முறை தண்ணீரில் தள்ளும்போதும் அந்தச் சேமிப்புதான் கரைகிறது. புது இறகு வந்ததும் மறுபடி மீன் தேடிப் போக வேண்டுமே, அதற்குத் தெம்பு வேண்டாமா?

2024-இல் இந்த இனத்தை மிக அருகிய இனமாக அறிவித்தார்கள். 10,000 இணைகள்கூட இல்லை. 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி பென்குயின்கள் கூட்டமாகக் கூடு கட்டும் ஆறு இடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்க 10 ஆண்டுத் தடை வந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

இறகு பிய்ந்து நிற்கும் பறவையைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். நாயைக் கட்டுங்கள். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீர்கள். வாயில் மீனைத் திணிக்கவே திணிக்காதீர்கள். இரத்தமோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் தொடும் முன் மீட்பு மையத்துக்கு போன் செய்யுங்கள். கொண்டு வரச் சொன்னால் காற்றோட்டமான அட்டைப்பெட்டி, ஒரு துண்டு, அவ்வளவு போதும். அலகு கத்தி மாதிரி வெட்டும், முகத்தை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பறவை இன்று காலை 1.9 கிலோ இருந்தது. இன்னும் நடுக்கம் விடவில்லை.