வாயைப் பார்த்தே கேட்டவர்: ஆண்டி குரோவின் காதுகள்

"என் டீம்ல எல்லாருமே முணுமுணுன்னு பேசறாங்க மேடம்." அவர் பேச்சை ஆரம்பித்தது இப்படித்தான். வயது 36. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட், அவருக்குக் கீழே பதினோரு பேர். என் காதுப் பரிசோதனை அறைக்குத் தானாக வரவில்லை, மனைவி வற்புறுத்தி அனுப்பியிருக்கிறார். (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எதிரே உட்கார்ந்து பேசும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. கேள்வியை முடிப்பதற்குள்ளேயே சரியான பதில் வந்தது. ஆனால் அவர் பார்வை என் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. மேஜையில் கிடந்த ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, அதே குரலில் "பணம்" என்றேன். முகம் அப்படியே நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?" ஃபைலை இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி மறுபடியும் "பணம்" என்றேன். உடனே, துளி தயக்கமில்லாமல், "மனம்" என்றார்.

ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுக்கும் உதடுகள் ஒட்டிப் பிரியும். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பணம், மனம், படம், மடம். காது தராததைக் கண்ணால் நிரப்பிக்கொள்கிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்ற பதிவு) எடுத்தோம். வலது காதில் 45 டெசிபல் இழப்பு, இடது காதில் 55. நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல்தான். அப்படியென்றால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவது அவருக்குக் கிசுகிசுப்பாகத்தான் விழும். கதவோரம் நிற்பவர் பேசுவது விழவே விழாது.

எனக்கு உறுத்தியது அடுத்து அவர் சொன்னது. மூன்று வருடமாக அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் ஒரே குறை: "மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை." அதைத் திருத்திக்கொள்ள அலுவலகத்திலிருந்து தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பியிருக்கிறார்கள். காதைப் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. தான் திமிர் பிடித்தவன்தானோ என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

இப்படி வருகிறவர்களிடம் நான் ஆண்டி குரோவைப் பற்றிச் சொல்வது வழக்கம். கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 1968-ல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே கூட இருந்தவர். 1987 முதல் 1998 வரை அதன் தலைமைச் செயல் அதிகாரி. உலகத்தின் பாதி மேஜைகளில் இன்டெல் சிப் உட்கார்ந்த காலம் அது. டைம் இதழ் 1997-ஆம் ஆண்டின் மனிதராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்த மனிதர் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சரியாகக் காது கேட்காமலே கழித்தார் என்று சொன்னால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

1936-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஆண்ட்ராஷ் கிரோஃப். நாலு வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். உயிர் பிழைத்தது, கேட்கும் திறனில் பெரும்பகுதி போனது. தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கொண்டுவரும் காய்ச்சல் அது. தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசமாக இருப்பதால் கிருமி எளிதாக ஏறிவிடும். சீழ் கட்டி, செவிப்பறை கிழிந்து, சில சமயம் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள்ளும் இறங்கிவிடும். 1940 வாக்கில் பெனிசிலின் இன்னும் மக்கள் கைக்கு வரவில்லை. இன்று சில நாள் மருந்தில் அடங்கக்கூடிய ஒன்று, அந்தப் பையனோடு பல ஆண்டுகள் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நெஞ்சைப் பிசைபவை. அப்பாவைக் கட்டாய உழைப்புப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1944-ல் ஜெர்மானியப் படை புடாபெஸ்டுக்குள் வந்தது. அம்மாவும் மகனும் வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தார்கள். பாதி கேட்காத ஒரு எட்டு வயதுக் குழந்தை, யார் என்ன கேட்டாலும் பொய்ப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் எட்டு வயதுக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும். கேட்டது சரியாகப் புரியாத குழந்தை பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

1956-ல் சோவியத் படைகள் ஹங்கேரிப் புரட்சியை நசுக்கியபோது, 20 வயதில் எல்லையை நடந்தே கடந்து ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். 1957-ல் நியூயார்க். சிட்டி காலேஜில் வேதிப் பொறியியல் படித்து 1960-ல் பட்டம், 1963-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம். தாய்மொழியில் உதடு படிப்பதே கடினம். அவர் பிற்பாடு கற்ற ஆங்கிலத்தில், முன்வரிசையில் உட்கார்ந்து, பேராசிரியரின் உதட்டைப் பார்த்துப் படித்தவர். பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பாடம் அறுந்துவிடும். அறுந்ததைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்தவர்தான் பின்னாளில் செமிகண்டக்டர் இயற்பியலில் மாணவர்களுக்கு ஒரு பாடநூலே எழுதினார்.

சரி, அவருடைய தலைமைக்கு வருவோம். குரோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அவருடைய கோபத்தை. மீட்டிங்கில் சத்தம் போடுவார், தயாராகாமல் வந்தவர்களை உரித்துவிடுவார், தாமதமாக வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதைப் படித்துவிட்டு, கத்தினால்தான் வேலை நடக்கும் என்று எடுத்துக்கொள்ளும் மேலாளர்கள் உண்டு. அந்தப் பகுதியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அது பலரைப் புண்படுத்தியது. நான் பார்ப்பது வேறொன்று. மற்றவர்கள் சொல்வது தன்னிடம் வந்து சேரவேண்டும் என்பதற்காக அவர் எத்தனை ஏற்பாடுகள் செய்துவைத்தார் என்பதை.

தன் கீழே வேலை செய்யும் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதை அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். 1983-ல் வெளிவந்த தன் மேலாண்மை நூலில் அதை விவரமாக எழுதியிருக்கிறார். அது மேலாளரின் கூட்டம் அல்ல, ஊழியரின் கூட்டம். என்ன பேசுவது என்பதை ஊழியர்தான் முடிவு செய்து எழுதிக்கொண்டு வரவேண்டும். குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும், ஏனென்றால் மனதை அரிக்கும் விஷயம் கடைசியில்தான் வெளியே வரும். பேசும்போது இரண்டு பேரும் குறிப்பெடுக்க வேண்டும். அறிக்கைகளையும் எழுத்தில்தான் கேட்டார். எழுதும்போது ஒருவர் யோசித்தே தீரவேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து. தனக்கென்று பெரிய கேபின் வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களைப்போல ஒரு தடுப்புக்குள், ஏறத்தாழ எட்டடிக்கு ஒன்பதடி இடத்தில் உட்கார்ந்தார். யாரும் நேராக நடந்து வந்து எதிரே நிற்கலாம். பதவி பார்க்காமல் பிரச்சினையைப் போட்டு வாதாடலாம், ஆளைத் தாக்கக் கூடாது என்பதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தார்கள்.

காது கேட்காததால்தான் இப்படியெல்லாம் அமைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கும் திறன் குறைந்த ஒருவருக்கு அலுவலகத்தில் என்ன தேவை என்று என்னிடம் கேட்டால் நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில் ஏறக்குறைய இவையேதான் இருக்கும். நேருக்கு நேர் உட்காருங்கள். ஒரு சமயத்தில் ஒருவர் பேசட்டும். என்ன பேசப்போகிறோம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். பேசியதை எழுதி வையுங்கள். இன்டெல்லில் குரோ காதில் கருவி மாட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தவர். பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு கேட்கும் திறன் பெருமளவு திரும்பியது.

அவருக்கும் கேட்காமல் போன சந்தர்ப்பம் உண்டு, அதில் காதுக்குப் பங்கில்லை. 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இன்டெல்லின் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளில் தப்பான விடை தருவதைக் கண்டுபிடித்தார். சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது எப்போதோ ஒருமுறைதான் நேரும் என்று இன்டெல் வாதாடிக்கொண்டே இருந்தது. பொறியியல் கணக்குப்படி பெரிதாகத் தப்பில்லை. ஆனால் மக்கள் கேட்டது கணக்கை அல்ல, "நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் பழுது, மாற்றித் தருவாயா?" என்பதை. டிசம்பரில் ஐபிஎம் அந்தச் சிப் வைத்த கணினிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் இறங்கிவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதவேண்டி வந்தது. குரோ அதை மறைக்கவில்லை. உலகம் மாறியது தனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது என்று பிறகு வெளிப்படையாக எழுதினார். கெட்ட செய்தி முதலில் எட்டுவது வாடிக்கையாளரோடு பழகும் விற்பனைக்காரர்களுக்கும் இடைநிலை மேலாளர்களுக்கும்தான், அவர்கள் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றும் எழுதினார்.

என்னிடம் வந்த டீம் லீட் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர் மெஷின் மாட்டிக்கிட்டா மீட்டிங்குக்குப் போனார்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏன் கேட்கிறார் என்று புரிந்தது. மூக்குக்கண்ணாடி போடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காது மெஷின் போட்டால் மட்டும் வயதாகிவிட்டது, மூளை மந்தம் என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. பெண் குழந்தை என்றால் கல்யாணம் நடக்காது என்று மெஷினை மறுக்கும் பெற்றோரை மாதம் ஒருவரையாவது பார்க்கிறேன். கேட்காமல் தலையாட்டிவிட்டு, வேலையைத் தப்பாகச் செய்துவிட்டு, திட்டு வாங்குவது அவர்களுக்குச் சுலபமாகப் படுகிறது. இப்படி வருடக்கணக்கில் சமாளித்தவர்கள் பலர் 2020-ல் ஒரே நாளில் உடைந்துபோனார்கள். எல்லோரும் முகக்கவசம் போட்டதும் உதடுகள் மறைந்துவிட்டன. இவருக்கும் தொல்லை முற்றியது அப்போதுதான். கேமராவை அணைத்துவைத்து நடத்தும் ஆன்லைன் மீட்டிங்குகளில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இவருடைய காதுப் பிரச்சினையின் தொடக்கம் ஐந்து வயதில். ஒவ்வொரு மழைக்காலத்திலும் சளி பிடிக்கும், காதில் சீழ் வடியும். வீட்டில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள், பஞ்சு வைத்து அடைப்பார்கள். பள்ளியில் கவனமில்லாத பையன் என்று கடைசி பெஞ்ச். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் சீழ் வடியும் காதுக்குள் எண்ணெய் போகவே கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் இறங்கித் தொற்றை வளர்க்கும். பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு எதுவும் வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். நாற்றமடிக்கும் சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம், தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போகவேண்டும்.

குழந்தை டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்கிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் எதிரே நின்று பேசினால் எல்லாம் புரிகிறது என்றால் அதைக் குறும்பு என்று விட்டுவிடாதீர்கள். பிறந்த குழந்தைக்கும் தூங்கும்போதே சில நிமிடங்களில் காதுப் பரிசோதனை செய்ய முடியும், வலி கிடையாது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். பேச்சு மொழி மூளையில் பதியும் வயது கடந்துவிட்டால் பிறகு என்ன கருவி வைத்தாலும் முழுப்பலன் கிடைப்பதில்லை. பெரியவர்கள், முக்கியமாக நாள் முழுக்க ஹெட்ஃபோனில் இருப்பவர்கள், "எல்லாரும் முணுமுணுக்கிறாங்க" என்று தோன்ற ஆரம்பித்தால் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. ஒருநாள் காலையில் எழுந்ததும் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், அது அவசர சிகிச்சைக்குரியது. நாட்கள் கடந்தால் திரும்பக் கிடைப்பது கடினம்.

இவருக்கு உள்காது நரம்பு நன்றாக இருந்தது. பழுது செவிப்பறையிலும் நடுக்காதிலும்தான். அறுவைச் சிகிச்சை நிபுணர் காதுக்கு மேலிருக்கும் தசையை மூடிய மெல்லிய சவ்வை எடுத்து வலது செவிப்பறைத் துளையை அடைத்தார். அதுவரை மெஷின். முதல் வாரம் தலைமுடியை வளர்த்து மறைக்கப் பார்த்தார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்: எனக்குக் காது சரியாகக் கேட்காது, ஒவ்வொருவராகப் பேசுங்கள், என்னைப் பார்த்துப் பேசுங்கள், கேமராவைப் போடுங்கள். பதினோரு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், இரண்டு வருடமாகத் தன்னை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். வலது காதின் இழப்பு 20 டெசிபலாகக் குறைந்திருந்தது. நான் ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு "பணம்" என்றேன். "பணம்" என்றார். "மடம்." "மடம்." இடது காதுக்குத் தேதி குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.