கவுன்சலிங் போகும் முன் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள்

கலிபோர்னியாவில் குடும்ப நல தெரபிஸ்டாக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். அதற்கு முன் எட்டு மாதம் வேறொருவரிடம் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய கார்டில் ‘ரிலேஷன்ஷிப் கோச்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. லைசென்ஸ் எண் இல்லை. அவர் தனியாக அழுது சொன்னதையெல்லாம் அந்த கோச் மாமியாருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாராம்.

“யார்கிட்ட புகார் பண்றது?” என்று கேட்டார்.

லைசென்ஸ் இல்லாமல் தெரபி செய்தார் என்று, எங்களுக்கு லைசென்ஸ் தரும் மாநில வாரியத்துக்கு எழுதலாம். ஆனால் பறிப்பதற்கு அவரிடம் லைசென்ஸே கிடையாதே! கோச் என்று போர்டு மாட்ட இங்கே எந்தத் தகுதியும் கேட்பதில்லை. விவாகரத்து வழக்கு என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்களிடம் பேசியதற்குச் சில விதிவிலக்குகள் தவிர நீதிமன்றத்திலும் ரகசியப் பாதுகாப்பு உண்டு. கோச்சிடம் பேசியதற்கு அது இல்லை.

எங்கள் தொழிலுக்கு லைசென்ஸ் முறையை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது கலிபோர்னியாதான், 1963இல். இன்று 50 மாநிலங்களிலும் உண்டு. இங்கே முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவம், அப்புறம் இரண்டு தேர்வுகள். அந்த நாட்களில் வாரா வாரம் மேற்பார்வையாளர் எதிரில் உட்கார்ந்து, ‘அந்தக் கணவரை ஏன் பேசவிடாமல் தடுத்தாய்?’ என்ற கேள்விக்குப் பதில் தேடித் தவித்திருக்கிறேன். நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான்.

அந்த மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்களைத்தான் ‘அசோசியேட்’ என்கிறோம். போலி என்று பயப்பட வேண்டாம். அவர்களும் வாரியத்தில் பதிவு செய்தவர்கள். கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

மாநில நுகர்வோர் விவகாரத் துறையின் இணையதளத்தில் பெயரை அடித்தால் லைசென்ஸ் நடப்பில் உள்ளதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும். செலவில்லை. அந்தப் பெண் என் எதிரிலேயே போனை எடுத்து என் பெயரை அடித்துப் பார்த்தார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இன்னொன்று. வீடியோவில் பேசினாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டம்தான் செல்லும். சென்னையில் இருப்பவர் இங்குள்ளவருக்குத் தெரபி செய்ய வேண்டுமானாலும் கலிபோர்னியா லைசென்ஸ் வேண்டும். எனக்கும் அதே கதிதான்: நீங்கள் டெக்சாஸுக்குக் குடிபோனால், அங்கே லைசென்ஸ் இல்லாத நான் தொடர முடியாது. அதனால் வீடு மாற்றும் பேச்சு எழுந்தவுடனே சொல்லிவிடுங்கள். அந்த ஊரில் நல்ல ஆளாகத் தேடித் தர எனக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.