ஸ்டாண்ட்பை சர்வர் சும்மா இருந்தால்தான் இலவசம்

கிளை அலுவலகங்களிலிருந்து பலரும் இணைகிற எஸ்க்யூஎல் சர்வரை (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) திட்டமிட யாராவது கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது "ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் எடுக்கிறீர்களா?" என்றுதான். ஸ்டாண்ட்பை என்றால் மெயின் சர்வர் விழுந்தால் அதன் இடத்தை எடுக்கக் காத்திருக்கும் இரண்டாவது சர்வர். "ஆமாம், சும்மாதானே கிடக்கிறது" என்று பதில் வந்தால் லைசென்ஸ் கணக்கு அங்கேயே இடிக்கும். மெயின் சர்வர் லைசென்ஸுக்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (லைசென்ஸோடு பணம் கட்டி வாங்கும் மைக்ரோசாஃப்டின் பராமரிப்புத் திட்டம்) நடப்பில் இருந்தால் ஒரு ஸ்டாண்ட்பைக்குத் தனிப் பணம் இல்லை, 2019 நவம்பரிலிருந்து பேரிடர் மீட்புக்கென்று வேறிடத்தில் இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம். அதில் பேக்கப் எடுக்கலாம், டேட்டாபேஸைச் சோதிக்கலாம், கண்காணிக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் மேனேஜருக்காக ஒரே ஒரு ரிப்போர்ட் ஓட்டினாலும் அதற்கும் முழு லைசென்ஸ் வேண்டும். ஸ்டாண்டர்ட் எடிஷனின் அவெய்லபிலிட்டி குரூப்பில் (மெயினில் உள்ள டேட்டாபேஸை ஸ்டாண்ட்பைக்குத் தொடர்ந்து நகலெடுக்கும் ஏற்பாடு) செகண்டரியை, அதாவது ஸ்டாண்ட்பையில் உள்ள நகலை, படிக்கவே விடாது என்பதால் இந்த ஆசை பெரும்பாலும் எண்டர்பிரைஸ் எடிஷன்காரர்களுக்குத்தான்.

ஸ்டாண்டர்டில் சர்வர் லைசென்ஸோடு கேல் (சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ வாங்கும் உரிமம்) வாங்கினால் தலையை எண்ண வேண்டும், இல்லையா, கம்ப்யூட்டரை எண்ண வேண்டும். நடுவில் ஒரு வெப் அப்ளிகேஷனை வைத்து எல்லோரையும் ஒரே லாகினில் விட்டால் ஒரு கேல் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை கேல். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தால் அதற்கு வேறு கேல். எண்ணவே முடியாத இடத்தில் பிராசசர் கோர்களை எண்ணி வாங்கும் கோர் லைசென்ஸ்தான் நிம்மதி, ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோர்.

சரி, ஃபெயில்ஓவர், அதாவது மெயின் விழுந்தால் வேலை ஸ்டாண்ட்பைக்கு மாறுவது. இரண்டாவது சர்வர் தூரத்தில் இருந்தால் சிங்க்ரனஸ் மோடில் (இரண்டு பக்கமும் பதிந்த பிறகே முடிந்ததாகச் சொல்வது) ஒவ்வொரு கமிட்டும், அதாவது ஒவ்வொரு பதிவும், அந்தத் தூரம் போய்த் திரும்பும் வரை காத்திருக்கும், அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்காத அசிங்க்ரனஸில் வேகம் உண்டு, ஆனால் சர்வர் விழுந்தால் கடைசிச் சில பதிவுகள் போகலாம், அதில் தானாக மாறும் வசதியும் கிடையாது. எதை இழக்கலாம் என்பதைத் தொழில் நடத்துகிறவர் முடிவு செய்யட்டும், ஐடி ஆள் அல்ல.

பலர் கோட்டைவிடுவது டிஎன்எஸ்ஸில், அதாவது சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையில். மல்டிசப்நெட்ஃபெயில்ஓவர் (பல ஐபிகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் இணைப்பு அமைப்பு) தெரியாத பழைய டிரைவர்களுக்காக, லிசனரின் (அப்ளிகேஷன்கள் இணைகிற பொதுப் பெயர்) பெயரில் ஒரே ஐபி மட்டும் பதியும்படி வைத்திருப்பார்கள். அந்தப் பதிவின் ஆயுள், அதாவது கம்ப்யூட்டர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம், வழக்கமாக 1200 நொடி. சர்வர் அரை நிமிடத்தில் மாறிவிட்டாலும் கிளையில் இருப்பவரின் கம்ப்யூட்டர் 20 நிமிடம் வரை பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருக்கலாம், இங்கே திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், அங்கே வேலை நின்றிருக்கும். அந்த ஆயுளை 300 நொடியாகக் குறையுங்கள். அப்புறம் வழக்கமான அவெய்லபிலிட்டி குரூப்பில் எஸ்க்யூஎல் லாகின்களும் ஏஜென்ட் ஜாப்களும் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) டேட்டாபேஸோடு போகாது, லாகின்களை அதே எஸ்ஐடி-யோடு (லாகினை அடையாளம் காட்டும் எண்) அந்தப் பக்கமும் உருவாக்கி வைத்துவிட்டு, வேலை குறைவான ஒரு நாளில் நீங்களே ஃபெயில்ஓவர் செய்து, கிளையிலிருந்து ஒருவரை ஒரு என்ட்ரி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.