ஜேபோல்: 'பெருநிறுவனம்' என்று எழுதினால் போதாது

சாம்சங், எல்ஜி, எஸ்கே, ஹூண்டாய் என்று எதைப் பற்றி எழுதினாலும் 'பெருநிறுவனம்' அல்லது 'கூட்டு நிறுவனம்' என்று போட்டுவிடுகிறோம். இரண்டுமே சரியில்லை. முதலாவது அளவை மட்டும் சொல்கிறது. இரண்டாவதைப் படிப்பவர், இரண்டு பேர் பணம் போட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி என்றுதான் எடுத்துக்கொள்வார். கொரியர்கள் சொல்வது ஜேபோல், அதாவது ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கும் பல கம்பெனிகளின் குழுமம்.

அது இரண்டு சீன எழுத்துகளால் ஆன சொல். 'ஜே' என்றால் செல்வம். 'போல்' என்பது பெரிய குலத்து வீடு, அதிலிருந்து, அதிகாரத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கூட்டம். போர்ப்பிரபுக்களைக் குறிக்கும் 'குன்போல்' என்ற சொல்லிலும் இதே 'போல்'தான் இருக்கிறது, ஆகவே இதைப் பாராட்டுச் சொல் என்று நினைக்க வேண்டாம். இதே இரண்டு எழுத்துகளை ஜப்பானியர் 'ஸைபாட்சு' என்று படிப்பார்கள். மிட்சுய், மிட்சுபிஷி, சுமிட்டோமோ போன்ற குடும்பங்களின் தொழில் பேரரசுகளுக்கு வழங்கிய பெயர் அது.

சரி, குடும்பம் என்ற பொருள் ஏன் விட்டுப்போகக் கூடாது? 1997இன் பொருளாதார நெருக்கடியைப் பார்த்தால் தெரியும். ஒரு கம்பெனி வாங்கிய கடனுக்கு அதே குழுமத்தின் மற்ற கம்பெனிகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தன. பெரிய 30 குழுமங்களின் கடன், சொந்த மூலதனத்தைப் போல ஐந்து மடங்கு இருந்தது. அந்த நிலையில் ஒரு பிரிவு நட்டத்தில் ஓடினால் அது அந்தப் பிரிவின் நட்டமாக மட்டும் நிற்காது, பங்காளி வீடு அத்தனையையும் இழுக்கும். அந்த நவம்பரில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் போய் நின்றது. அப்புறம் 1999 முடிவதற்குள் கடனை மூலதனத்தின் 200 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்லி அரசு கெடு வைத்தது.

அப்போது எதை விற்பது என்று பார்த்தால் கணினி வன்பொருள்தான் முன்னால் நின்றது. சாம்சங் 1995இல் அமெரிக்கக் கணினி கம்பெனியான ஏஎஸ்டியில் பங்கு வாங்கி, 1997இல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, நட்டம் தாங்காமல் 1999இல் கைகழுவியது. ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ், தான் வாங்கியிருந்த வன்தட்டு கம்பெனியான மேக்ஸ்டரை 1998இல் மறுபடி பங்குச்சந்தைக்கு அனுப்பியது. இவற்றை விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடன் பணத்தில் வெளியே போய் வாங்கிய பெயர்கள் அவை, குழுமத்துக்குள் வளர்ந்த தொழில் அல்ல.

ஆனால் நட்டம் வரும் எல்லாவற்றையும் விற்றுவிடு என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது, காரணம் ஹைனிக்ஸ். அரசின் நெருக்கடியில் எல்ஜி தன் சில்லு (சிப்) கம்பெனியை 1999இல் மனசில்லாமல் ஹூண்டாயிடம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து உருவான கம்பெனிதான் 2001இல் ஹைனிக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடனில் மூழ்கி, கடன் கொடுத்தவர்கள் கைக்கே போனது. 2002இல் நினைவகச் சில்லுத் தொழிலை அமெரிக்காவின் மைக்ரானுக்கு விற்கக் கடன் கொடுத்தவர்கள் சம்மதித்துவிட்டார்கள். இயக்குநர் குழு மறுத்தது. 2012இல் எஸ்கே குழுமம் எடுத்துக்கொண்டது, இன்று செயற்கை நுண்ணறிவுக்கான நினைவகச் சில்லுகளில் அது முன்னணியில் நிற்கிறது. ஹூண்டாய் குடும்பத்தின் பிடியிலிருந்து அது வெளியே வந்ததும், அதன் சில்லுத் தொழில் கலையாமல் நின்றதும் இரண்டுமே நல்லதுதான்.

தமிழில் என்ன எழுதலாம்? 'செல்வக் குலம்' எழுத்துக்கு எழுத்துச் சரி, ஆனால் தொழில் என்ற பொருளே அதில் வரவில்லை. என் தேர்வு 'குடும்பத் தொழிற்குழுமம்'. முதல் தடவை அப்படி எழுதிவிட்டு, பிறகு வெறும் 'குழுமம்' என்று தொடரலாம். கொரியச் சொல்லையே போடுவதானால் 'சேபோல்' வேண்டாம். அதைத் தமிழில் ஸகர ஒலியோடு படித்துவிடுவோம், 'ஜேபோல்' என்பதே கொரிய உச்சரிப்புக்குப் பக்கத்தில் வருகிறது.