ஐந்தாவது ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்த பதில்

எங்கள் வீட்டு இணைய இணைப்பு தினமும் இரவு பத்து மணிக்கு மேல் அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் கஸ்டமர் கேருக்கு ஐந்து முறை போன் போட்டேன். முதல் நான்கு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், நான்கு பேரும் மோடத்தை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடச் சொன்னார்கள், நான்கு பேரிடமும் பெயர், முகவரி, என்றைக்கு ஆரம்பித்தது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன் என்று முதலிலிருந்து ஒப்பித்தேன். ஐந்தாவதாக எடுத்தவர் இரண்டு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "உங்க மோடம் மாடல்ல இது வரும்ங்க, ராத்திரி அதுவா அப்டேட் தேடும், அதை மாத்திடலாம்" என்றார். மாற்றினார், சரியாகிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன மாதம் இதே தொல்லையோடு வந்த ஒருவருக்காக அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தாராம். மற்றவர்களுக்குச் சொன்னீர்களா என்றதற்கு, "எங்க சொல்றதுன்னு தெரியலைங்க" என்றார்.

அந்த நிறுவனத்துக்குள் பதில் ஒரு மாதமாக இருந்திருக்கிறது, ஒரே ஒரு நாற்காலியில். அதற்குள் எத்தனை பேர் வெறுத்துப்போய் வேறு இணைப்புக்கு மாறியிருப்பார்களோ. வாடிக்கையாளரைத் தக்கவைப்பது விளம்பரப் பிரிவின் வேலை என்றும், ஊழியர்கள் தங்களுக்குள் அறிவைப் பகிர்வது பயிற்சிப் பிரிவின் வேலை என்றும் பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் தெரிந்துகொண்டது பக்கத்து நாற்காலிக்குப் போகிறதா என்பதுதான் வாடிக்கையாளர் இருப்பாரா கிளம்புவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். அது எப்படிப் போகிறது, ஏன் போகாமல் நின்றுவிடுகிறது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

முதல் சிக்கல் அறிவின் தன்மையிலேயே இருக்கிறது. நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று மைக்கேல் போலனி என்ற தத்துவ அறிஞர் 1960களில் எழுதினார். ஆயிரம் முகங்களுக்கு நடுவில் தெரிந்த ஒரு முகத்தை நொடியில் கண்டுபிடித்துவிடுவோம், எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபது வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவரின் அறிவில் பெரும்பகுதி இந்த வகைதான். சத்தத்தைக் கேட்டதும் எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதை ஒரு பக்கத்தில் எழுதித் தா என்றால் திணறுவார்.

இதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர். 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். நிறுவனம் அவர்களுக்குத் தடிமனான கையேடு கொடுத்திருந்தது. இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், அதற்கும் சரியாகாவிட்டால் இந்தப் பாகத்தை மாற்று என்று படிப்படியாகப் போகும் கையேடு. கையேட்டில் இல்லாத கோளாறுகள்தான் அவர்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்தன. அப்போதெல்லாம் அவர்கள் கதை பேசினார்கள். "அந்த இயந்திரத்தில் ஒருமுறை இப்படித்தான் ஆச்சு, எண் பார்த்தால் ஒன்று காட்டியது, கடைசியில் காரணம் வேறு எங்கேயோ இருந்தது" என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் தன் கதையைச் சேர்க்க, இரண்டு கதைகளும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்துப் பார்த்து விடையை நெருங்குவார்கள். மேலிருந்து பார்த்த நிர்வாகத்துக்கு அது வேலை நேரத்து அரட்டை. அந்த அரட்டையில்தான் அறிவு கைமாறிக்கொண்டிருந்தது.

ஜூலியன் ஓர் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பழுதுபார்ப்பவர், இயந்திரம், வாடிக்கையாளர் என மூன்று பேர் சேர்ந்த உறவு அது. இயந்திரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு வந்தால் வேலை முடிந்துவிடாது, அதைப் பயன்படுத்துகிறவரின் நம்பிக்கையையும் சரிசெய்தாக வேண்டும். காரணமே புரியாமல் இயந்திரத்தையே தூக்கிப்போட்டு வேறொன்று வைத்துவிட்டால் அவருடைய வேலை நடக்கும், ஆனால் இவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் உட்கார்ந்துவிடும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இனி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடிகிற ஆளிடம்தான் அவர் மறுபடி வருவார்.

1990களில் அதே நிறுவனம் இந்தக் கதைகளைச் சேர்த்துவைக்க யுரேகா என்ற அமைப்பை உருவாக்கியது, முதலில் பிரான்சில் சோதித்தார்கள். ஒருவர் புதிதாக ஒரு தீர்வு கண்டுபிடித்தால் சிறு குறிப்பாக எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சக ஊழியர்கள் சோதித்துப் பார்ப்பார்கள், தேறினால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஊழியர்கள் அதை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் போய்விடும் என்றார்கள். பெயர் வந்தால் போதும். கொஞ்சம் யோசித்தால் இதன் நியாயம் புரியும்: பெயர் போட்ட குறிப்பு தப்பாக இருந்தால் மானம் போவது எழுதியவருக்குத்தான், அதனால் அவரே இரண்டு முறை சரிபார்ப்பார். படிக்கிறவருக்கும் யாரிடம் மேற்கொண்டு கேட்கலாம் என்று தெரிந்துவிடுகிறது.

யாரிடம் கேட்பது என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் இதற்கு ஓர் ஆராய்ச்சித் துறையே இருக்கிறது. 1980களில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், சேர்ந்து வாழ்கிறவர்கள் நினைவைப் பங்குபோட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்றார். உறவினர் பிறந்தநாள் ஒருவர் தலையில், பில் கட்டும் தேதி இன்னொருவர் தலையில். எனக்குத் தெரிய வேண்டியது விஷயமே அல்ல, அது யாருக்குத் தெரியும் என்பதுதான். பிற்பாடு 1991ல் வெளியான சோதனையில், பழகிய ஜோடிகளையும் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்த ஜோடிகளையும் ஒப்பிட்டார்கள். அவரவர் போக்கில் விட்டபோது பழகிய ஜோடிகள் அதிகம் நினைவில் வைத்தார்கள். இந்த வகைச் செய்தி உனக்கு, அந்த வகை அவருக்கு என்று சோதனை நடத்தியவர்களே பிரித்துக் கொடுத்தபோது பழகிய ஜோடிகள் அந்நியர்களைவிடப் பின்தங்கினார்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த பங்கீட்டோடு புதிய பங்கீடு முட்டிக்கொண்டது.

இதை அப்படியே ஓர் அலுவலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். புதிய மேலாளர் வருகிறார், பிரிவுகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குகிறார், வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் எந்தக் கேள்விக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று பத்து வருடமாகச் சேர்ந்திருந்த நினைவு ஒரே நாளில் கலைந்துபோகிறது. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறுவதில்லை. வாடிக்கையாளர்தான் முதலில் உணர்வார், அவருடைய அழைப்பு ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு ஏன் போவதில்லை? தெரிந்தவர் பொத்தி வைத்துக்கொள்கிறார், பொறாமை, பதவி போய்விடும் என்ற பயம் என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். கேப்ரியல் சுலான்ஸ்கி 1996ல் வெளியிட்ட ஆய்வில் 8 நிறுவனங்களுக்குள் நடந்த 122 பரிமாற்றங்களை எடுத்துப் பார்த்தார். ஒரு கிளையில் நன்றாக நடக்கும் முறையை இன்னொரு கிளைக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் அவை. பெரிய தடைகளாக அவர் கண்டவை மூன்று: வாங்குகிற இடத்தில் அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை இல்லாதது, அந்த முறை ஏன் வேலை செய்கிறது என்று கொடுக்கிறவருக்கே தெளிவாகத் தெரியாதது, இரண்டு பேருக்கும் இடையில் பேச்சுவார்த்தை சிரமமாக இருப்பது. மனமில்லாதது இவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. ஊழியர்களுக்கு ஊக்கம் கொடுத்தால் தானாகப் பகிர்வார்கள் என்று நினைத்துப் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிற நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தடை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது, வாடிக்கையாளர் சேவைக்குச் சம்பந்தமில்லாத இடம்தான், ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்கா தன் அணு ஆயுதங்களில் பயன்படுத்திய ஃபாக்பேங்க் என்ற ரகசியப் பொருளின் உற்பத்தியை 1980களின் இறுதியில் நிறுத்தியது. பிற்பாடு அந்த ஆயுதங்களைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டபோது, செய்முறை பற்றிய பதிவுகள் குறைவு, செய்யத் தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். பல வருடம் போராடி மறுபடி செய்தார்கள், சரியாக வரவில்லை. கடைசியில் தெரிந்தது: பழைய மூலப்பொருளில் ஓர் அசுத்தம் இருந்திருக்கிறது, பொருள் சரியாக வந்ததற்குக் காரணமே அதுதான். புதிய ஆலை அதைச் சுத்தமாக அகற்றிக்கொண்டிருந்தது. அந்த அசுத்தம் முக்கியம் என்று முதலில் செய்தவர்களுக்கே தெரியாது, அப்புறம் அதை யார் எழுதிவைத்திருக்க முடியும்?

நான்காவதாக நான் ஒன்றைச் சேர்ப்பேன், பயம். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அவற்றில்தான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம். ஒரு கஸ்டமர் கேரில் "இந்தப் பிரச்சினைக்கு எனக்குப் பதில் தெரியலை" என்று சொன்னால் மதிப்பெண் குறையும் என்றால், ஊழியர் அதைச் சொல்லமாட்டார், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு அழைப்பை முடிப்பார். எனக்கு நான்கு முறை நடந்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன், அந்த நான்கு பேர் மீதும் எனக்குக் கோபம் இல்லை.

இனி வாடிக்கையாளர் பக்கம். விசுவாசம் என்றதும் பாயிண்ட்ஸ், கார்டு என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ல் ஆரம்பித்த பயணப் புள்ளித் திட்டத்துக்கு அப்புறம் அது உலகம் முழுக்கப் பரவியது. அவை வேலை செய்வதும் உண்மைதான். நூன்ஸ், ட்ரெஸ் என்ற இருவர் கார் கழுவும் இடத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2006ல் வெளியானது. பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு கழுவல் இலவசம் என்ற அட்டை, மீதிப் பேருக்கு 10 முத்திரை வேண்டும், ஆனால் 2 ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டை. இரண்டிலும் இன்னும் 8தான் வேண்டும். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். கொஞ்ச தூரம் ஏற்கெனவே வந்துவிட்டோம் என்ற எண்ணம் ஆளை இழுக்கிறது. ஆனால் இழுப்பது அட்டை. அட்டை முடிந்த மறுநாள் பக்கத்தில் வேறொருவர் நல்ல அட்டை கொடுத்தால் போய்விடுவார்.

அதைவிட ஆழமான ஒன்றை மேத்யூ டிக்சனும் அவர் சகாக்களும் 2010ல் சொன்னார்கள். 75,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் கேட்டுத் தெரிந்தது: எதிர்பார்ப்பை மிஞ்சி அசத்துவதால் விசுவாசம் பெரிதாகக் கூடுவதில்லை, சிரமத்தைக் குறைத்தால் போதும். சேவை மையத்தோடு நடக்கும் ஒரு தொடர்பு விசுவாசத்தை வளர்ப்பதைவிடக் கெடுப்பதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு வாய்ப்பு. கெடுக்கிற சிரமங்கள் என்னென்ன என்று பார்த்தால், மறுபடி மறுபடி கூப்பிட வேண்டியிருப்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிடுவது. இந்த மூன்றுமே உள்ளே அறிவு நகரவில்லை என்பதன் வெளிப்பக்கம். சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்றால் நான் போன முறை சொன்னது உள்ளே யாருக்கும் போய்ச் சேரவில்லை, வேறென்ன?

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ரூ எரென்பெர்க் பல பொருட்களின் விற்பனையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டியது போல, சிறிய பிராண்டுகளுக்கு வாங்குகிறவர்களும் குறைவு, அவர்களுடைய விசுவாசமும் கொஞ்சம் குறைவு. ஆக விசுவாசத்தில் ஒரு பங்கு வெறும் அளவைப் பொறுத்தது, அதை எந்த அறிவுப் பகிர்வும் மாற்றிவிடாது. விட்டுப்போகும் வாடிக்கையாளர்களை 5 சதவீதம் குறைத்தால் லாபம் 25 முதல் 85 சதவீதம் கூடும் என்று 1990ல் ரெய்ச்செல்டும் சாசரும் எழுதியதை எல்லாக் கூட்டங்களிலும் காட்டுகிறார்கள். அவர்கள் பார்த்த சில தொழில்களுக்கான கணக்கு அது, எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இப்போது இதில் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது. பிரின்யால்ஃப்சன், லி, ரேமண்ட் மூவரும் 2023ல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்களோடு சாட்டில் பேசும் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். பழைய உரையாடல்களிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு கருவி, இப்படிப் பதில் சொல்லலாம் என்று ஊழியருக்குப் பக்கத்திலேயே காட்டும். ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குக் கிட்டத்தட்ட எதுவும் கூடவில்லை. கைதேர்ந்தவர்களின் சொல்லவராத அறிவைத்தான் அந்தக் கருவி புதியவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வாடிக்கையாளர்களின் பேச்சிலும் எரிச்சல் குறைந்திருந்தது, வேலையை விட்டுப் போகிற ஊழியர்களும் குறைந்தார்கள்.

போலனி சொல்ல முடியாது என்ற அறிவில் ஒரு பகுதி இப்படி நகர்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. யுரேகாவில் குறிப்போடு எழுதியவர் பெயர் போனது. இங்கே திரையில் வரும் யோசனையில் அது யாருடைய பழைய உரையாடலிலிருந்து வந்தது என்று எங்கும் இல்லை, அவருக்கு அதற்காகக் கூடுதலாக எதுவும் கிடைப்பதும் இல்லை. நாளைக்குப் புதிய மாடல் மோடம் ஒன்று புதிய கோளாறோடு வரும். பழைய உரையாடல் எதிலும் அதற்குப் பதில் இருக்காது. யாரோ ஒருவர் அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், என் ஐந்தாவது ஆள் மாதிரி.