கொண்டுவந்தவர் பெயர்

"மனுசங்க முன்ன மாதிரி இல்ல டாக்டர்." கடலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் என் காதில் வாரம் தவறாமல் இது விழும். பெரும்பாலும் விபத்தில் அடிபட்டவரின் அண்ணனோ மாமாவோ சொல்வார். "அரை மணி நேரமா ரோட்டுல கெடந்திருக்கான். ஒருத்தனும் கிட்ட வரல." அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் 16 வருடமாக இந்த வாசலைப் பார்த்தவள் என்ற முறையில், மக்களிடம் இரக்கம் வற்றிவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விபத்து என்று யார் வந்தாலும் நாங்கள் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேடு எழுதுவோம். அதில் 'கொண்டுவந்தவர் பெயர்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே 'வழிப்போக்கர்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சட்டையெல்லாம் ரத்தம், ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் காணாமல் போய்விடுகிறார்கள். இரக்கம் இல்லாதவர்கள் தூக்கி வரமாட்டார்கள். பயம் இல்லாதவர்கள் ஓடிப்போக மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம், பாண்டி ரோட்டில் ரெட்டிச்சாவடி பக்கம் பைக்கிலிருந்து விழுந்த பையனை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார் ஒரு மீன்கார அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியைப் பிரித்து மடித்து, அவன் தொடைக் காயத்தின் மேல் வைத்து, வழி முழுக்க இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடியே வந்திருக்கிறார். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அவர் கையை எடுத்திருந்தால் அவன் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கவே மாட்டான்.

பையனை உள்ளே அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், அந்த அம்மா வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். பேர் கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கும்மா? கேஸு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க. பொழைச்சுக்குவானா, அத மட்டும் சொல்லு."

பிழைத்துக்கொள்வான் என்றேன். போய்விட்டார்.

செல்போனில் படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் ஆத்திரம் வரும். ஒருமுறை அப்படிப் பிடித்த ஒரு பையனை, தூக்க ஒரு கை கொடுக்கக் கூடாதா என்று சத்தமே போட்டுவிட்டேன். "நான் இடிக்கலைன்னு காட்டணும்ல மேடம்" என்றான். அவன்தான் அடிபட்டவரைக் கொண்டுவந்தவனும். அன்றைக்குப் பிறகு யாரையும் எடுத்த எடுப்பில் திட்டுவதில்லை.

இதே ஊர் மக்கள்தான் 2004 சுனாமியில் கடலோரத் தேவனாம்பட்டினத்துக்கு உதவ ஓடினார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, எங்கள் தெருவில் காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். புயலில் உதவினால் யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போவதில்லை. சாலை விபத்தில் கூப்பிடுவார்கள் என்ற பயம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. இப்போது சட்டம் வேறு. உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு என்ன ஆனாலும், வழக்குப் போட முடியாது. பேரும் முகவரியும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அடிபட்டவரைச் சேர்த்ததும் கிளம்பலாம். கொண்டுவந்தவரிடம் ஆஸ்பத்திரி பணம் கேட்கக் கூடாது. சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். போலீஸுக்குத் தகவல் சொல்வது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

செலவை யார் கட்டுவது என்ற தயக்கமும் உண்டு. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபடுகிறவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. முள்ளோடை பக்கம் விபத்து என்றால் இது தமிழ்நாடா, பாண்டியா, எந்த ஸ்டேஷன் எல்லை என்று ஒரு பேச்சு கிளம்பும். அதைப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பெட்ரோல் பங்கையோ அடையாளம் சொல்லுங்கள்.

பயம் போக இன்னொன்றும் இருக்கிறது: அவசரம். அமெரிக்காவில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1973-இல் வெளியானது. அவர்கள் போகும் வழியில், முனகியபடி ஒருவரைச் சாய்ந்து கிடக்க வைத்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எல்லாரும் ஒரே படிப்பு, ஒரே மாதிரி மனசு. காலையில் ஆல்பேட்டை பாலத்தில் வண்டிகள் பறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

அப்புறம், உதவப் போகிறவர்கள் தெரியாமல் செய்யும் சில காரியங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருபவை இவைதான், ஏனென்றால் எல்லாமே அன்பினால் செய்வது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து ஆட்டோவுக்குள் மடக்கித் திணிக்காதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு மடக்கில் வாழ்நாள் முழுக்கக் கைகால் விளங்காமல் போகலாம். அந்த இடத்திலேயே ஆபத்து இல்லையென்றால், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். வாந்தி வந்தால் தலையும் உடம்பும் சேர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பும்படி சாய்த்துவிடுங்கள். காயத்தில் காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். துணியை வைத்து அழுத்துங்கள். நனைந்துவிட்டால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கவே கூடாது.

அந்த மீன்கார அம்மா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். கூடையை எங்கள் வாசலிலேயே விட்டுப் போயிருந்தார். பையனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள், ஏ.ஆர். இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. உதவுகிறவர்களுக்கான இந்தப் பாதுகாப்புகளை எழுதி நுழைவாயிலில் மாட்டியிருக்கும் பலகைக்கு அவரைக் கூட்டிப்போனேன். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார். நானே ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"நெசமாவா?"

"நெசம்தான்மா."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சரி, எழுதிக்க" என்று தன் பேரைச் சொன்னார்.