சொல் விளக்கம்: சிறுநீர்க் குறிப்பான்

சென்னையில் எந்தக் குழந்தைகள் மருத்துவரிடம் போனாலும் காதில் விழும் சொல் 'வீசிங்'. இரைப்பு, ஈளை என்ற பழைய சொற்களும் வெளியே கேட்கும் மூச்சையும் சளியையும்தான் சொல்கின்றன. மூச்சுக்குழாயின் உள்ளே நடப்பதற்குப் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் 'இன்ஃப்ளமாரே'வுக்கும் தீமூட்டுதல் என்றே பொருள். இதை 'வீக்கம்' என்று எழுதுவது தவறு; வீக்கம் அழற்சியின் ஒரு விளைவு மட்டுமே. வீசிங் ஓய்ந்து, ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காத நாளிலும் அந்த அழல் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம்.

அதை வெளியிலிருந்து அறிய உதவும் பொருளே 'பயோமார்க்கர்'; இங்கே சொல்வது சிறுநீரில் அளக்கும் பயோமார்க்கர். 'பயோஸ்' கிரேக்கத்தில் உயிர். 'மார்க்' பழைய ஆங்கிலத்தில் எல்லை, அடையாளம். தமிழில் சுட்டி, காட்டி, குறியீடு என்று பலவாறு எழுதுகிறார்கள். குறிப்பான் என்பதே பொருந்தும். குறிப்பு என்றால் சாடை, தீர்ப்பு அல்ல. சிறுநீரில் கிடைக்கும் அளவை மட்டும் வைத்து ஆஸ்துமா உண்டு, இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஐந்து வயதுக்குக் கீழான குழந்தையால் மூச்சின் வலுவை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் சரியாக ஊத முடிவதில்லை என்பதால்தான் சிறுநீரின் மேல் இத்தனை கவனம். இன்றும் இது பெரும்பாலும் ஆய்வுக்குரிய சோதனை, வழக்கமான லேப் பட்டியலில் இருப்பதில்லை.

முதன்மையான குறிப்பான், அழற்சியின்போது உருவாகும் வேதிப்பொருளான லியூக்கோட்ரையீன் இ4. 'லியூக்கோஸ்' வெண்மை, வெள்ளணுக்களில் கண்டதால் அந்தப் பெயர். 'ட்ரையீன்' என்பது அடுத்தடுத்து அமைந்த மூன்று இரட்டைப் பிணைப்புகள். பின்னால் வரும் 4, மூலக்கூறில் உள்ள மொத்த இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை. பெயரை 1979இல் வைத்தவர் ஸ்வீடனின் பெங்ட் சாமுவேல்சன்; 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூச்சுக்குழாயைச் சுருக்கும் சி4, டி4 ஆகிய வடிவங்கள் உடலில் சிதைந்து இ4 ஆகி, சிறுநீரில் இறங்குகின்றன.

இன்னொன்று, இயோசினோஃபில் என்னும் வெள்ளணுவிலிருந்து வரும் இயோசினோஃபில் புரதம் எக்ஸ். 'ஈயோஸ்' என்றால் வைகறை. இயோசின் சாயத்தின் செம்மைக்கு அந்தப் பெயர். அச்சாயத்தை ஏற்கும் அணுவை 'இயோசின்நாடி' என்று எழுதினால் நாடித்துடிப்போடு குழம்பும். இயோசினேற்பி எனலாம்.

சிறுநீர் சாம்பிள் எடுப்பதில்தான் பிழைகள் மிகுதி. புரதம் எக்ஸின் அளவு இரவிலும் விடியலிலும் ஏறி, பகலில் இறங்கும். ஒரு முறை காலை ஏழு மணிக்கும் மறுமுறை மாலையிலும் எடுத்துவிட்டு 'குறைந்திருக்கிறது' என்று மகிழ்வதில் பொருளில்லை. சென்னை வெயிலில் சாம்பிளை வண்டியில் வைத்துச் சுற்றாமல் உடனே ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றே பார்க்காவிட்டால் உறையவைக்க வேண்டும்.

குழந்தை நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் எல்லாமே நீர்த்துப்போகும். அதனால், தசையிலிருந்து வந்து சிறுநீரில் கலக்கும் கழிவான கிரியாட்டினினின் அளவால் வகுக்கிறோம். எடுத்துக்காட்டாக, காலையில் இ4 மில்லிலிட்டருக்கு 120 பிகோகிராம், கிரியாட்டினின் 1.5 மில்லிகிராம். தண்ணீர் குடித்தபின் 40, 0.5. இ4 எண்கள் மூன்று மடங்கு வேறுபட்டாலும் வகுத்தால் இரண்டும் 80தான். தசை குறைந்த சின்னக் குழந்தைக்குக் கிரியாட்டினின் குறைவு. விகிதம் இயல்பாகவே கூடித் தெரியும். ஆகவே அண்ணனின் எண்ணைத் தம்பியோடு ஒப்பிடக் கூடாது. ஒரே குழந்தையின் பழைய அளவே சரியான அளவுகோல்.

வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தாலும் இ4 ஏறும். அதைக் கேட்டு எழுதிக்கொள்வது கட்டாயம். போகிப் புகை சூழ்ந்த நாளில் எடுத்த சாம்பிள் என்றால் அதையும் தாளில் குறித்துவைப்பது நல்லது.

மாண்டெலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரையைச் சாப்பிடும் குழந்தைக்கு இருமல் நின்றும் இ4 இறங்காமல் இருக்கலாம். பெயரிலுள்ள 'லூகாஸ்ட்' லியூக்கோட்ரையீனை எதிர்ப்பதைச் சொல்கிறது. ஆனால் மருந்து அதன் உற்பத்தியை நிறுத்துவதில்லை, லியூக்கோட்ரையீன் போய் ஒட்டும் இடமான ஏற்பியைத்தான் அடைக்கிறது. எண் இறங்கவில்லை என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.